பேட்டரிக்கு ஊற்றிய குடிதண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட்டின் கார் நிறுத்துமிடத்தில் இது ஆரம்பித்தது. ஆரம்பம் என்னவோ ஒரு பாட்டில் தண்ணீர்தான். முடிந்த இடத்தை நினைத்தால் இன்றும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. என் கணவரிடம்கூட இதை முழுசாகச் சொன்னதில்லை. பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கணவருக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். வீட்டில் நானும் என் அம்மாவும். பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. எனக்கு லைசென்ஸ் உண்டு, தைரியம் கிடையாது. காவிரிப் பாலத்தில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் ஓரம் கட்டிவிடுவேன். அதனால் கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம் எதுவானாலும் ஆக்டிங் டிரைவரைத்தான் கூப்பிடுவோம். நிரந்தர வேலை இல்லாமல், கூப்பிட்ட அன்றைக்கு வந்து ஓட்டிக் கொடுப்பவர். எங்களுக்கு வாய்த்தவர் எடமலைப்பட்டி புதூரிலிருந்து டூவீலரில் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது. எங்கள் அபார்ட்மெண்ட்டில் மட்டும் ஐந்து வீட்டுக்கு அவர்தான் ஓட்டினார்.

ஓட்டம் இல்லாவிட்டாலும் ஞாயிறு காலை வந்து காரைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, ஆயில், பேட்டரி தண்ணீர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போவார். அந்த ஞாயிறு என்னிடம் வந்து, "டீச்சர், வெயிலுக்கு பேட்டரில தண்ணி எறங்கிடுச்சு. டிஸ்டில்ட் வாட்டர் தீந்து போச்சு. கடை தொறந்ததும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்துடவா?" என்று கேட்டார்.

இதற்கு 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் எனக்குள் இருக்கும் டீச்சர் சும்மா இருப்பாளா? அந்த மாதம்தான் வீட்டில் புது ஆர்ஓ மிஷின் மாட்டியிருந்தோம். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா மாதிரியான மீட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். பார்க்கிற தண்ணீரில் எல்லாம் அதை முக்கிப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். மிஷினிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போய், அவர் கண்ணெதிரே மீட்டரை வைத்தேன். நாற்பது காட்டியது.

"பாத்தீங்களா? நம்ம போர் தண்ணி தொள்ளாயிரம். இது வெறும் நாப்பது. கைக்குழந்தைக்கே குடுக்கலாம். பேட்டரிக்கு ஆகாதா?"

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லீங்க டீச்சர், டிஸ்டில்ட் வாட்டர் தவிர எதுவும் ஊத்தக் கூடாதுன்னு மெக்கானிக் சொல்லுவாரு."

"நான் இருபத்தஞ்சு வருஷமா கெமிஸ்ட்ரி நடத்துறேங்க" என்றேன்.

அவர் பாட்டிலை வாங்கி ஊற்றினார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் நானே பாட்டிலில் பிடித்துக் கொடுப்பேன், அவர் ஊற்றுவார். இன்னொரு முறை வாயைத் திறந்தவர், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நடுவில் அம்மா, "என்னடி இது, தண்ணி சப்புன்னு இருக்கு" என்று புலம்பியதால், மிஷின் சர்வீஸ்காரர் வந்து ருசிக்காக ஒரு திருகைத் திறந்து, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும்படி வைத்துவிட்டுப் போனார். நான்தான் பக்கத்தில் நின்று, சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. நாற்பது என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கோடை முழுக்க, ஆடி, ஆவணி வரை இப்படியே போனது.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், அம்மாவின் ஒரே தம்பி இறந்துபோனார். என் மாமா. அவர் இருந்தது கீரனூரைத் தாண்டிப் புதுக்கோட்டை போகும் வழியில் ஒரு சின்ன ஊர். காலையில் போன் வந்தது. பதினோரு மணிக்கு எடுத்துவிடுவார்கள், மழை வருகிற மாதிரி இருப்பதால் அதற்கு மேல் வைக்க முடியாது என்றார்கள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. தம்பி அவளைவிட எட்டு வயது இளையவர், இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் அழவில்லை. ஒரே ஒரு தடவை, "முகத்தப் பாத்துடணும்டி" என்றாள்.

போன் செய்த முக்கால் மணி நேரத்தில் டிரைவர் வந்துவிட்டார். பூ மார்க்கெட்டில் மாலை வாங்கிக்கொண்டு, எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். கிளம்பும்போதே வண்டி மூன்று முறை இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது. "டீச்சர், பேட்டரி ஒரு மாதிரி இருக்கு" என்றார். "போற வேலையைப் பாருங்க" என்றேன். பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது. லைட்டும் வைப்பரும் போட்டபடி மெதுவாகத்தான் போக முடிந்தது. மாத்தூர் தாண்டி ஒரு பங்க்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். முள் அடியில் கிடந்தது, வேறு வழியில்லை. பங்க் என்பதால் எஞ்சினை அணைத்தார். அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. சாவியைத் திருப்பினால் டிக், டிக் என்றது. அவ்வளவுதான்.

பங்க்காரர்கள் தள்ளிப் பார்த்தார்கள். ஒரு வேன்காரர் நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கொடுத்தார். எஞ்சின் ஓடியது. ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், மறுபடி நின்றுவிட்டது. டாக்ஸிக்குப் போன் போட்டால் தீபாவளி நேரம், மழை, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மா மடியில் மாலையை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. நடு ரோட்டில், கொட்டுகிற மழையில், அந்த மனிதரைக் கேட்டேனே ஒரு கேள்வி! "வாராவாரம் வந்து என்னத்தைப் பாத்தீங்க? ஒரு பேட்டரியப் பாத்துக்கத் தெரியாதா? ஒழுங்கா தண்ணி ஊத்தியிருந்தா இப்படி ஆகுமா?"

அவர், "டீச்சர், அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க" என்றேன்.

அவர்தான் மழையில் ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து எங்களை ஏற்றிவிட்டார். மாமா வீட்டில் எங்களுக்காக அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். மழை வலுக்கவும், இனிமேல் தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது தெருவில் உதிரிப் பூதான் கிடந்தது. சுடுகாடு பத்து நிமிட தூரம். ஆனால் எங்கள் பக்கம் பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. அம்மா தெரு முனைவரை நடந்தாள். அங்கே நின்று, மாலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு பெண் வந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

மதியம் மழை விட்டது. டிரைவர் கீரனூரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்து, வேறு பேட்டரி மாட்டி, எங்களை அழைத்துப் போகக் காரோடு வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஷாமியானாவின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான்தான் ஓதியிருந்தேனே, அந்த ஆள் பேட்டரியைப் பார்க்கவில்லை, அந்த ஆளால்தான் எல்லாம் என்று.

"என் தம்பி முகத்தப் பாக்க விடாமப் பண்ணிட்டியே" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "உன் வீட்டுக்கும் ஒரு நாள் வரும். நீயும் இப்படித்தான் முகம் பாக்க முடியாம நிப்ப. பாத்துக்கோ."

என் அம்மா யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டு வேலை செய்பவர் தட்டை உடைத்தால்கூட "போவுது விடு" என்பவள். டிரைவர் கையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் அதற்குள் தலையைத் திருப்பிக்கொண்டதால் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவரே ஓட்டி எங்களை ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விட்டார்.

என் ஆத்திரம் அதோடும் தீரவில்லை. மறுநாள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக எழுதினேன். வண்டியைக் கவனிக்காத டிரைவரால் எங்கள் வீட்டில் இப்படி ஆகிவிட்டது, எல்லோரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று. டீச்சர் எழுதினால் சும்மாவா? பத்தி பிரித்து, பிழையில்லாமல் எழுதினேன். அந்த வாரமே மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் வேறு டிரைவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கணவர் வந்தார். பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, பாலக்கரைப் பக்கம் தெரிந்த ஒரு பேட்டரி கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடிகளைத் திருகி எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்றார்.

"ஆர்ஓ வாட்டர்தாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சிரித்தார். "அது குடிக்கிறதுக்கு மேடம். இதுக்குக் குடுத்தா இது செத்துடும்."

நான் நாற்பது கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். பேட்டரியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் வந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும். வாராவாரம் ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே போகும், வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிற மாதிரி. உள்ளே இருக்கும் தகட்டை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், பிறகு சார்ஜ் நிற்காது. "நாப்பதாவது நானூறாவது, ரெண்டும் தப்புதான். சில பேரு ஏசில சொட்டுற தண்ணியப் புடிச்சு ஊத்துறாங்க, அதுவும் கூடாது. இதுக்குன்னு விக்கிற டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். எந்த டிரைவரக் கேட்டாலும் சொல்லுவானே மேடம்!"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கடைக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தேன்.

கடைக்காரர் சொன்னதை நம்ப மனம் வரவில்லை. ஒப்புக்கொள்ள வரவில்லை என்பதுதான் சரி. திங்கட்கிழமை மிஷின் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மதிய இடைவேளையில் லேபில் யாரும் இல்லாதபோது இரண்டு சோதனைக்குழாய் எடுத்தேன். ஒன்றில் லேபில் இருக்கும் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் என் தண்ணீர். இரண்டிலும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். முதல் குழாய் தெளிவாகவே இருந்தது. என் குழாய் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் இப்படி வெளுக்கும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது நான்தான். "குழாய்த் தண்ணிய விட்டா மார்க் போயிடும்டி" என்று கத்துவதும் நான்தான். அன்று அந்தக் குழாயைக் கழுவி வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அந்த வாரமே எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், மன்னித்துவிடுங்கள் என்றேன். குரூப்பிலும் எழுதிவிடுகிறேன் என்றேன்.

அவர் உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "குரூப்ப விடுங்க டீச்சர். இந்த வண்டி இல்லாட்டி வேற வண்டி. திருச்சில எனக்கு ஸ்டியரிங்கா கெடைக்காது?" என்றார். குரல் இறங்கியது. "அம்மா சொன்னதுதான் டீச்சர். பையன் சிங்கப்பூர்ல கட்டட வேலையில இருக்கான். இருபதாவது மாடி, இருபத்தஞ்சாவது மாடிங்கறான். அம்மா அப்படிச் சொன்னதுலேருந்து போன் அடிச்சா எடுக்கவே எனக்குப் பயமா இருக்கு. வீட்டுலயும் தூங்க மாட்டேங்குது. அம்மாகிட்ட உண்மையச் சொல்லி, நல்லா இருன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. போன்ல சொன்னாப் போதும். நான் வேற எதுவும் கேக்கல."

"நாளைக்கே சொல்லச் சொல்றேன்" என்றேன். அந்த நிமிடம் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

குரூப்பில் எழுதினேன். 'பேட்டரி விஷயத்தில் டிரைவர் மீது தவறு இல்லை என்று தெரிய வந்தது.' ஒரே வரி. யார் மீது தவறு என்று எழுதவில்லை. நான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அம்மாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. தினமும் சாயந்திரம் அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் தம்பியைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். எந்தக் கதையும் கடைசியில் அதே இடத்துக்குத்தான் வரும். "முகத்தப் பாக்க முடியாமப் பண்ணிட்டானே அந்தப் பாவி." நான் வாயைத் திறந்தால், அந்தப் பாவி நான்தான் என்று சொல்ல வேண்டும். அவள் சொன்ன சொல்லை அவர் தலையிலிருந்து எடுத்தால் என் தலையில்தான் வைப்பாள். எனக்கும் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரு மகள் இருக்கிறாள். சாபம் பலிக்கும் என்று நம்பும் ஆள் இல்லை நான், அறிவியல் படித்தவள். அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். ஆனால் மகளை நினைத்ததும் நாக்கு உள்ளே போய்விடும். அம்மாவுக்கு பிரஷர், இப்போது வேண்டாம் என்றேன். மாமாவின் காரியங்கள் முடியட்டும் என்றேன். மார்கழி முடியட்டும் என்றேன்.

அவர் இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை, "அம்மாகிட்ட பேசிட்டீங்களா டீச்சர்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கட்டாயம் பேசுகிறேன் என்றேன். இரண்டாவது முறை போன் மேஜை மேல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மா நாற்காலியில் சாய்ந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

யார் சொன்னார்களோ தெரியாது, பத்து மணிக்கு டிரைவர் வந்துவிட்டார். வந்தவர் ஒதுங்கி நிற்கவில்லை. நாற்காலி இறக்கினார், ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்தார், சென்னையிலிருந்து வந்த என் கணவரை ஜங்ஷனில் போய்க் கூட்டி வந்தார். சாயந்திரம் கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "டீச்சர், கேக்கக் கூடாத நேரம்தான். அம்மாகிட்ட சொன்னீங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் அந்த மனிதருக்குக் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு இனி எந்தக் காலத்திலும் விடுதலை இல்லை. அவ்வளவு யோசித்துத்தான் சொன்னேனா, அல்லது அந்த நிமிடத்திலிருந்து தப்பிக்கச் சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

"சொன்னேங்க" என்றேன். "ரொம்ப வருத்தப்பட்டாங்க. அந்த டிரைவர் தம்பி புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்னு சொன்னாங்க. உங்களுக்குப் போன் போடறதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

அவர் உடைந்து அழுதார். என் சொந்தக்காரர்கள்கூட அன்று அப்படி அழவில்லை. போய் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு மாடிப்படி ஓரமாகப் போய் நின்று போன் பேசினார். "ஒண்ணுமில்லடா, சும்மாதான் அடிச்சேன். சாப்ட்டியா?" என்று மகனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். மகன் போன வருடம் லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து, அம்மா படத்துக்கு முன்னால் நிற்க வைத்தார். "தங்கமான மனுஷிடா, கடைசியில மனசாரச் சொல்லிட்டுப் போனாங்க" என்று மகனிடம் சொன்னார். பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் சொல்கிறாராம். நான் காபி போடப் போகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஒரு பயத்தை நீக்கினேனே என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. யாரையும் வெறுக்கத் தெரியாத என் அம்மா, ஒரு குற்றமும் செய்யாத மனிதரைப் 'பாவி' என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினாள். அவளிடமிருந்து அந்த வெறுப்பை எடுத்துவிட எனக்கு மூன்று மாதம் இருந்தது, நான் எடுக்கவில்லை.